உள்ளூருக்குப் போகும் ஃபேக்ஸ் வெளியூருக்குப் போகாதபோது: பழுது கண்டறியும் முழுமையான வழிகாட்டி

அதே தெருவில் இருக்கும் வங்கிக் கிளைக்கு ஃபேக்ஸ் ஒழுங்காகப் போகிறது. மும்பைக்கோ டோக்கியோவுக்கோ அனுப்பினால் மட்டும் 'கம்யூனிகேஷன் எரர்' என்ற அறிக்கைச் சீட்டு வெளியே வருகிறது. இந்த நிலையில் பலரும் கருவியைத் தூக்கிக்கொண்டு பழுதுபார்ப்பவரிடம் போகிறார்கள். அவர் தம் கடையிலிருந்து உள்ளூர் எண் ஒன்றுக்கு ஒரு தாளை அனுப்பிப் பார்த்து, எல்லாம் சரியாகவே இருக்கிறது என்று திருப்பித் தந்துவிடுவார். அவர் சொல்வதும் பொய்யில்லை. உள்ளூருக்கு ஒரு தாள் முழுமையாகப் போய்ச் சேருகிறதென்றால் தாளை இழுக்கும் உருளை, ஸ்கேனர், படத்தை ஒலியாக மாற்றி லைனில் அனுப்பும் மோடம் ஆகிய அனைத்தும் வேலை செய்கின்றன என்பது அதிலேயே உறுதியாகிவிடுகிறது.

ஆகவே குற்றத்தை வேறு மூன்று இடங்களில் தேட வேண்டும். தொலைபேசி இணைப்புக்கு வெளியூர் அழைப்பு அனுமதி இல்லாமல் இருக்கலாம். எண் தவறான வரிசையில் டயல் செய்யப்படலாம். அழைப்பு சேர்ந்த பிறகு அந்த நீண்ட தடத்தின் தாமதம், எதிரொலி, இரைச்சல், ஒலிச் சுருக்கம் ஆகியவற்றில் ஏதோ ஒன்றை இரு மோடங்களும் தாங்க முடியாமல் போகலாம். இவற்றில் எது என்று தெரியாமல் அமைப்புகளை மாற்றிக்கொண்டே போவது வீண் வேலை. எந்த இடத்தில் அழைப்பு முறிகிறது என்பதைக் காதால் கேட்டுத் தெரிந்துகொண்டாலே பாதித் தேடல் முடிந்துவிடும். ஆகவே அங்கிருந்தே தொடங்குவோம்.

முதல் படி: ஒலிபெருக்கியைத் திறந்து கேளுங்கள்

பெரும்பாலான கருவிகளில் 'ஹூக்', 'மானிட்டர்', 'ஸ்பீக்கர்' என்ற பெயர்களில் ஒன்றைத் தாங்கிய பொத்தான் இருக்கும். தாளை வைத்து, அந்தப் பொத்தானை அழுத்தி, டயல் டோன் வந்த பிறகு எண்ணை ஒவ்வொன்றாக அழுத்துங்கள். நல்ல நிலையில் உள்ள அழைப்பில் எண்களுக்குப் பின் சில நொடி அமைதி இருக்கும். பிறகு மறுமுனையில் மணி அடிக்கும். மறுமுனைக் கருவி எடுத்ததும் 2100 ஹெர்ட்ஸ் அதிர்வுடைய கீச்சென்ற ஒலி ஏறத்தாழ மூன்று நொடி கேட்கும். இப்போது 'ஸ்டார்ட்' பொத்தானை அழுத்த வேண்டும். அதன் பின் நொடிக்கு 300 பிட் வேகத்தில், கொப்பளிப்பது போன்ற ஒலியில் இரு கருவிகளும் தம்மால் இயன்ற வேகத்தையும் தெளிவையும் ஒன்றுக்கொன்று அறிவித்துக்கொள்கின்றன. அதைத் தொடர்ந்து ஒன்றரை நொடிக்கு ஒரு சீறல் வரும். அது தடம் அந்த வேகத்தைத் தாங்குமா என்று பார்க்கும் சோதனை. சோதனை தேறினால் மீண்டும் ஒரு சிறு கொப்பளிப்பு, பிறகு பக்கம் முடியும் வரை நீண்ட சீறல்.

சில கருவிகள் 'ஸ்டார்ட்' அழுத்தியவுடன் ஒலியை அடைத்துவிடும். அப்படியானால் அமைப்புப் பட்டியலில் லைன் மானிட்டர் என்ற விருப்பம் உள்ளதா என்று பாருங்கள். இல்லையென்றால் அறிக்கைச் சீட்டில் அச்சாகும் நேரத்தையும் பக்க எண்ணிக்கையையும் கொண்டு ஊகிக்கலாம். பக்கம் சுழியமாகவும் நேரம் அரை நிமிடம் போலவும் இருந்தால், கருவிகள் பேசத் தொடங்கும் முன்போ பேசத் தொடங்கியதுமோ அழைப்பு முறிந்திருக்கிறது. முதல் பக்கம் போய் மூன்றாம் பக்கத்தில் நின்றிருந்தால் அது முற்றிலும் வேறு நோய்.

மணியே அடிக்கவில்லை, பதிவு செய்த அறிவிப்பு வருகிறது, அல்லது யாரோ ஒருவர் எடுத்து "ஹலோ" என்கிறார் என்றால் அடுத்த இரண்டு படிகளில் விடை இருக்கிறது. கீச்சொலி தெளிவாகக் கேட்டு, அதற்குப் பிறகு முறிந்தால் அந்த இரண்டையும் தாண்டி நான்காம் படிக்குச் செல்லலாம்.

இரண்டாம் படி: அந்த இணைப்பிலிருந்து வெளியூர் அழைப்பு போகிறதா?

ஃபேக்ஸ் கருவியைச் சுவர்ப் பொருத்தியிலிருந்து கழற்றிவிட்டு, சாதாரணத் தொலைபேசி ஒன்றை அதே பொருத்தியில் மாட்டி, அதே வெளியூர் எண்ணை அழையுங்கள். பக்கத்து மேசைத் தொலைபேசியில் அழைத்துப் பார்ப்பது போதாது. அது வேறு இணைப்பாகவோ வேறு எக்ஸ்டென்ஷனாகவோ இருக்கும். அழைப்பு போய் மறுமுனைக் கீச்சொலி காதில் விழுந்தால் இணைப்பில் தடையில்லை. இந்த வசதி உங்கள் தொலைபேசிக்கு இல்லை என்ற அறிவிப்பு வந்தால் கருவியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

தடை மூன்று இடங்களில் இருக்கலாம். சேவை நிறுவனமே எஸ்.டி.டி. (வெளியூர்) அல்லது ஐ.எஸ்.டி. (வெளிநாடு) வசதியைத் திறந்துவிடாமல் இருக்கலாம், குறிப்பாக ஐ.எஸ்.டி. வசதியைப் பெரும்பாலும் தனியாகக் கேட்டுப் பெற வேண்டியிருக்கும். சந்தாதாரரே ரகசிய எண்ணைக் கொண்டு எஸ்.டி.டி. அழைப்பைப் பூட்டிவைக்கும் வசதி பி.எஸ்.என்.எல். லேண்ட்லைன்களில் நெடுநாளாக உண்டு. முன்பு இருந்த மேலாளர் பூட்டிவிட்டு மாற்றலாகிப் போயிருந்தால் அந்த ரகசிய எண் யாருக்கும் தெரியாது. மூன்றாவதாக, அலுவலகத்தின் உள்தொலைபேசிகளை வெளி லைன்களோடு இணைக்கும் இ.பி.ஏ.பி.எக்ஸ். பெட்டியில் ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனுக்கும் உள்ளூர் மட்டும், எஸ்.டி.டி. வரை, ஐ.எஸ்.டி. வரை என்று தரம் பிரித்திருப்பார்கள். ஃபேக்ஸ் இருக்கும் எக்ஸ்டென்ஷன் வரவேற்பறையில் இருந்தால், அங்கே உட்கார்ந்து யாரும் வெளியூர் பேசிவிடக் கூடாது என்பதற்காக அதைக் கீழ்த் தரத்தில் வைத்திருப்பது வழக்கம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2021 ஜனவரி 15 முதல் இந்தியாவில் லேண்ட்லைனிலிருந்து கைபேசியை அழைக்க எண்ணுக்கு முன்னால் 0 சேர்க்க வேண்டும் என்பது விதி. அதுவரை 0 என்ற எண்ணையே மொத்தமாகத் தடுத்துவைத்திருந்த அலுவலகங்கள், கைபேசி எண்களுக்காக மட்டும் அந்தத் தடையைத் தளர்த்த வேண்டியதாயிற்று. எனவே அந்த எக்ஸ்டென்ஷனிலிருந்து கைபேசிக்கு அழைப்பு போகிறது என்பதை வைத்து எஸ்.டி.டி. திறந்திருக்கிறது என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

மூன்றாம் படி: டயல் செய்யப்படும் எண்ணைச் சரிபாருங்கள்

சாதாரணத் தொலைபேசியில் போகிறது, கருவியில் போகவில்லை என்றால் பெரும்பாலும் எண்ணில்தான் பிழை. கையால் அழுத்தும் எண்ணை விட, ஸ்பீடு டயலில் என்றோ பதிந்துவைத்த எண்தான் அதிகம் ஏமாற்றும். ஆகவே அதைத் திரையில் வரவழைத்து எழுத்துக்கு எழுத்து பாருங்கள்.

இந்தியாவில் எஸ்.டி.டி. குறியீடும் உள்ளூர் எண்ணும் சேர்ந்து பத்து இலக்கம் வரும், முன்னால் 0. சென்னைக்கு 044, பிறகு எட்டு இலக்கம். மதுரைக்கு 0452, பிறகு ஏழு. சிவகாசிக்கு 04562, பிறகு ஆறு. மொத்தம் பதினொன்று இல்லையென்றால் எங்கோ ஓர் இலக்கம் விடுபட்டிருக்கிறது. வெளிநாட்டுக்கு 00, நாட்டுக் குறியீடு, அதன் பின் அந்த நாட்டு எண். அந்த எண்ணின் தொடக்கத்தில் உள்ள 0 விடப்பட வேண்டும். டோக்கியோவின் உள்நாட்டுக் குறியீடு 03 என்றிருந்தாலும் இங்கிருந்து 00 81 3 என்றே போக வேண்டும். இத்தாலி இதற்கு விலக்கு: அங்கே லேண்ட்லைன் எண்ணின் முதல் 0-வை விடவே கூடாது; ரோம் நகருக்கு 00 39 06 என்று தொடங்கும். பெயரட்டையில் உள்ள கூட்டல் குறியை நம்பி அப்படியே பதிவதும் ஆபத்து. கைபேசி அதை 00 என்று புரிந்துகொள்ளும், பல ஃபேக்ஸ் கருவிகள் புரிந்துகொள்ளா.

இ.பி.ஏ.பி.எக்ஸ். வழியாக அனுப்புவோர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வெளி லைன் எடுக்க 0 அழுத்த வேண்டிய பெட்டியாக இருந்தால், மும்பைக்கு 0, இடைநிறுத்தம், பிறகு 022 என்று வரவேண்டும். ஒரு 0 மட்டும் பதிந்திருந்தால் அது லைனைப் பிடிப்பதிலேயே செலவாகி, 22 என்று தொடங்கும் மீதி இலக்கங்கள் உள்ளூர் எண்ணாகப் போய், சம்பந்தமில்லாத ஒருவர் வீட்டில் மணி அடிக்கும். "ஹலோ" என்ற குரல் கேட்கிறது என்று மேலே சொன்னது பெரும்பாலும் இதுதான். இதற்கு நேர்மாறானதும் நடக்கும். எக்ஸ்டென்ஷனில் இருந்த கருவியை நேரடி லைனுக்கு மாற்றி, பதிவெண்களை மாற்றாமல் விட்டால் 0, 022 என்பது 00 22 என்றாகி வெளிநாட்டு அழைப்பாகிவிடும். மும்பை எண் 2-இல் தொடங்கினால் எக்ஸ்சேஞ்ச் அதை 222 என்ற நாட்டுக் குறியீடாகப் படிக்கும். அது மேற்கு ஆப்பிரிக்காவின் மொரித்தானியா. ஐ.எஸ்.டி. திறந்திருக்கும் லைனில் இது வெறும் பிழைச் சீட்டோடு முடியாமல் பில்லிலும் வந்து நிற்கும்.

இடைநிறுத்தத்துக்கு 'பாஸ்' அல்லது 'ரீடயல்/பாஸ்' என்ற பொத்தான் இருக்கும். திரையில் அது ஒரு சிறு கோடாகவோ ஆங்கில எழுத்து 'பி' ஆகவோ தெரியும். பெட்டி வெளி லைனைப் பிடித்து டயல் டோன் தருவதற்குள் கருவி எண்களைக் கொட்டிவிட்டால் முதல் ஓரிரு இலக்கங்கள் காணாமல் போகும். உள்ளூர் எண்ணில் இது நிகழாமல் வெளியூர் எண்ணில் மட்டும் நிகழ்ந்தால், உள்ளூர் எண்ணில் இடைநிறுத்தம் பதிவாகியிருக்கிறது, இதில் இல்லை என்று பொருள். டயல் முறை 'பல்ஸ்' என்று இருந்தால் 'டோன்' என்று மாற்றிவிடுங்கள்.

நான்காம் படி: காத்திருக்கும் நேரம்

மணி அடிக்கிறது, மறுமுனை எடுக்கும் தருவாயில் நம் கருவியே அழைப்பைத் துண்டித்துவிடுகிறது என்றால் இது பொறுமையின்மை நோய். ஃபேக்ஸ் கருவிகள் பின்பற்றும் டி.30 என்ற சர்வதேச நெறி, மறுமுனைக் கருவி அடையாளம் காட்டும் வரை ஏறத்தாழ 35 நொடி காத்திருக்கச் சொல்கிறது. உள்ளூர் அழைப்பில் அது தாராளம். வெளிநாட்டு அழைப்பில் எண் முடிந்து மணி அடிக்கத் தொடங்கவே பத்து, பதினைந்து நொடி ஆகலாம். மறுமுனைக் கருவி ஐந்தாறு மணிக்குப் பிறகுதான் எடுக்கும்படி வைத்திருந்தால் நேரம் முடிந்துவிடும்.

எண்ணின் கடைசியில் இரண்டு மூன்று இடைநிறுத்தங்களைச் சேர்த்துப் பதிவது எளிய வைத்தியம். கருவி அவற்றையும் டயல் செய்வதன் பகுதியாகக் கருதுவதால் கடிகாரம் தாமதமாகத் தொடங்கும். அதற்கும் மசியாவிட்டால் முதல் படியில் சொன்னபடி கையால் அழைத்து, கீச்சொலி கேட்ட பிறகு 'ஸ்டார்ட்' அழுத்துங்கள். அவசரத் தாள் ஒன்றை எப்படியாவது அனுப்பியாக வேண்டிய நாளில் என் முதல் தேர்வு இதுதான்.

ஐந்தாம் படி: வேகத்தைக் குறையுங்கள்

இங்கிருந்து, கீச்சொலியும் கொப்பளிப்பும் கேட்டு, அதற்குப் பின் முறியும் அழைப்புகளைப் பற்றியது. புதிய கருவிகள் வி.34 என்ற முறையில் நொடிக்கு 33,600 பிட் வரை அனுப்ப முயலும். அதற்கு முந்தைய முறையில் உச்சம் 14,400. அதற்கும் கீழே 9,600, 4,800, 2,400. தடம் தாங்காவிட்டால் கருவிகள் தாமாகவே படிப்படியாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் அந்தச் சோதனை தொடக்கத்தில் ஒன்றரை நொடிதான் நடக்கிறது. அந்த ஒன்றரை நொடி அமைதியாக இருந்து, பக்கத்தின் நடுவில் இரைச்சல் வந்தால் சோதனையால் பயனில்லை. எனவே நாமே உச்ச வரம்பைத் தாழ்த்திவைக்க வேண்டும்.

முதலில் 14,400, பிறகு 9,600. வெளியூர்த் தடங்களுக்கு 9,600 நல்ல நடு இடம். 4,800-க்கும் கீழே போக வேண்டியிருந்தால் வேறு ஏதோ கோளாறு இருக்கிறது என்று கொள்ளுங்கள். பிரதர் கருவிகளில் இது 'கம்பாட்டிபிலிட்டி' என்ற பெயரில் இருக்கிறது. அதில் 'பேசிக்' என்று வைத்தால் வேகம் 9,600 ஆகி, பிழைதிருத்தமும் நின்றுவிடும். பல கருவிகளில் வேக வரம்பு சர்வீஸ் பட்டியலுக்குள் ஒளிந்திருக்கும்.

வேகத்தோடு தெளிவையும் பாருங்கள். சாதாரணத் தெளிவில் ஒரு மில்லிமீட்டருக்கு 3.85 வரி, 'ஃபைன்' என்று வைத்தால் 7.7 வரி, அதாவது அனுப்ப வேண்டிய வரிகள் இருமடங்கு. தாள் தடத்தில் எவ்வளவு நேரம் இருக்கிறதோ அவ்வளவு நேரம் அது இரைச்சலுக்கு இலக்காகிறது. முத்திரையும் கையெழுத்தும் கொண்ட கறுத்த நகலை 'போட்டோ' முறையில் வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுக் கருவியைத் திட்டுவதில் நியாயமில்லை.

ஆறாம் படி: பிழைதிருத்தத்தை எப்போது நிறுத்துவது?

ஈ.சி.எம். என்று பட்டியலில் காணப்படும் பிழைதிருத்த முறை, பக்கத்தைச் சிறு சட்டங்களாகப் பிரித்து அனுப்பி, சிதைந்தவற்றை மட்டும் மறுபடி கேட்டு வாங்குகிறது. தாள் வந்தால் குற்றமின்றி வரும். ஆனால் மறுபடி மறுபடி சிதைந்தால் பொறுமையிழந்து அழைப்பே அறுந்துவிடும். அதை நிறுத்தினால் தாளில் இரண்டொரு வெள்ளைக் கோடுகளோடு போய்ச் சேரும். எனவே ஈ.சி.எம். இயங்கும்போதே வேகத்தைக் குறைத்துப் பாருங்கள்; பிறகும் அறுந்தால் மட்டும் நிறுத்துங்கள். வி.34 முறைக்கு ஈ.சி.எம். கட்டாயம் என்பதால், இதை நிறுத்தினாலே வேகமும் தானாக 14,400-க்கு இறங்கிவிடும். தொகைகளும் கணக்கு எண்களும் உள்ள தாளை ஈ.சி.எம். இல்லாமல் அனுப்பினால், பெறுபவரைத் தொலைபேசியில் அழைத்து எண்களை ஒப்பிட்டுக்கொள்வது நல்லது. 3 என்பது 8 ஆகத் தெரிய ஒரு கறைக் கோடு போதும்.

ஏழாம் படி: எதிரொலியும் 'ஓவர்சீஸ்' அமைப்பும்

நீண்ட தடங்களில் நாம் அனுப்பிய ஒலி மறுமுனையில் பட்டு நமக்கே திரும்புகிறது. மலையடிவாரத்தில் கூவினால் நம் குரலே சற்றுத் தாமதித்து வருவதைப் போன்றதுதான். உள்ளூரில் அந்தத் தாமதம் மிகக் குறைவு என்பதால் யாருக்கும் தெரிவதில்லை. செயற்கைக்கோள் வழியாகப் போகும் அழைப்பில் 36,000 கிலோமீட்டர் உயரம் ஏறி இறங்குவதற்கே கால் நொடி ஆகிறது. தன் எதிரொலியையே மறுமுனையின் பதில் என்று கருவி எடுத்துக்கொண்டால் பேச்சு குழம்பிவிடும். தடத்தில் எதிரொலி நீக்கிகள் உண்டு; மறுமுனையின் 2100 ஹெர்ட்ஸ் கீச்சொலி, மோடங்கள் பேசப்போகின்றன, விலகிக்கொள்ளுங்கள் என்று அவற்றுக்குத் தரும் சைகையும்தான். அந்தச் சைகை சரியாகக் கேட்கப்படாத தடங்களில் சிக்கல் தொடங்குகிறது.

இதற்கென்றே பானசோனிக், பிரதர் கருவிகளில் 'ஓவர்சீஸ் மோட்' இருக்கிறது. பிரதர் கருவிகளில் இது ஒரு ஃபேக்ஸ் அனுப்பியதும் தானாக அணைந்துவிடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. நேற்று போனது இன்று போகவில்லை என்ற புகாருக்கு இதுவே காரணமாக இருக்கலாம். கேனான் அலுவலகக் கருவிகளின் முகவரிப் பதிவில் 'லாங் டிஸ்டன்ஸ்' 1, 2, 3 என்று மூன்று தேர்வுகள் இருக்கும். 1-இல் தொடங்கி, போகாவிட்டால் அடுத்ததற்கு மாறுங்கள்.

எட்டாம் படி: செப்புக் கம்பியா, இழையா?

அண்மை ஆண்டுகளின் புகார்களுக்கு மேற்சொன்ன அனைத்தையும் விட இதுவே பெரிய காரணம் என்பது என் கருத்து. செப்புக் கம்பி லேண்ட்லைனை ஃபைபர் இணைப்பாக மாற்றிக்கொண்டபோது எண் மாறவில்லை, தொலைபேசி மாறவில்லை. ஆனால் குரல் இப்போது இணையப் பொதிகளாகப் போகிறது. சுவரில் மாட்டிய மோடம் பெட்டியின் தொலைபேசித் துளையில்தான் ஃபேக்ஸ் செருகப்பட்டிருக்கிறது. ஒரே நிறுவனத்தின் வலைக்குள் போகும் உள்ளூர் அழைப்பு, குரலைச் சுருக்காத ஜி.711 முறையில், நொடிக்கு 64,000 பிட்டாகப் போகக்கூடும். அதில் ஃபேக்ஸ் பிழைத்துக்கொள்ளும். வெளியூர் அழைப்பு வேறு நிறுவனங்களின் வலைகளைக் கடக்கையில் எங்காவது ஜி.729 போன்ற முறையில் 8,000 பிட்டாகச் சுருக்கப்பட்டால், மனிதக் குரல் புரியும், மோடத்தின் சீறல் அழிந்துவிடும். அதனால்தான் அதே எண்ணோடு தெளிவாகப் பேச முடிகிறது, ஃபேக்ஸ் மட்டும் போவதில்லை.

இன்னொரு அடையாளம், முதல் பக்கம் போய் இரண்டாவதிலோ மூன்றாவதிலோ அறுவது. பொதிகள் தாமதித்தும் விடுபட்டும் வருவதால் ஏற்படும் இடைவெளியைக் குரலில் காது பொறுத்துக்கொள்ளும், மோடம் பொறுக்காது. அழைப்பு நீளும் தோறும் அப்படி ஓர் இடைவெளி குறுக்கிட வாய்ப்பு கூடுகிறது.

இங்கே நீங்களே செய்யக்கூடியவை வேகத்தை 9,600 ஆக்குவது, ஈ.சி.எம்.-ஐ நிறுத்துவது, பல பக்கங்களை ஒன்றிரண்டாகப் பிரித்துத் தனி அழைப்புகளில் அனுப்புவது. மற்றவை சேவை நிறுவனத்தின் கையில். அவர்களிடம் பொதுவாக ஃபேக்ஸ் போகவில்லை என்று சொன்னால் லைனில் பேசிப் பார்த்துவிட்டுச் சரி என்பார்கள். பின்வருமாறு குறிப்பாகக் கேளுங்கள்:

- இந்த எண்ணுக்கு ஃபேக்ஸை ஒலியாக அல்லாமல் இணையப் பொதிகளாகவே அனுப்பும் டி.38 என்னும் முறை இயக்கப்பட்டிருக்கிறதா? வெளி நிறுவன அழைப்புகளிலும் அது செல்லுபடியாகுமா?
- இல்லையென்றால் ஜி.711 மட்டுமே முதல் தேர்வாக வைக்கப்பட்டிருக்கிறதா?
- மோடம் பெட்டியில் அமைதி நேரப் பொதிகளை அடக்கும் வசதி நிறுத்தப்பட்டிருக்கிறதா?

ஒன்பதாம் படி: லைனின் உடல்நிலை

இன்னும் செப்புக் கம்பியில் இருப்போருக்கு இது. சாதாரணத் தொலைபேசியை மாட்டி ஏதேனும் ஓர் எண்ணை அழுத்தி, டயல் டோன் நின்ற அமைதியைக் கேளுங்கள். கொரகொரப்போ ரீங்காரமோ இருந்தால், உள்ளூர் அழைப்பு அதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது, வெளியூர் அழைப்பு தாங்கவில்லை. அதே லைனில் இணையாக மாட்டிய தொலைபேசிகள், மின்தடுப்புப் பெட்டி, நீட்டிப்புக் கம்பி அனைத்தையும் கழற்றி, ஃபேக்ஸை மட்டும் நேரடியாகச் செருகிப் பாருங்கள். பிராட்பேண்ட் அதே கம்பியில் வந்தால் குரலையும் இணையத்தையும் பிரிக்கும் ஸ்பிளிட்டரின் 'போன்' துளையில் ஃபேக்ஸ் இருக்க வேண்டும். மழைக்குப் பிறகு மோசமாகிறதென்றால் வெளிக் கம்பத்துப் பெட்டியில் ஈரம். லைன்மேனை அழைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

எக்ஸ்சேஞ்சிலிருந்து வெகு தொலைவில் இருக்கும் இடங்களுக்காகப் பல கருவிகளின் சர்வீஸ் பட்டியலில் கேபிள் ஈக்வலைசர் என்று 0, 1.8, 3.6, 7.2 கிலோமீட்டர் எனத் தேர்வுகளும், அனுப்பும் ஒலியின் அளவை டெசிபலில் மாற்றும் வசதியும் உண்டு. இவற்றைத் தொழில்நுட்பரிடம் விடுங்கள். ஒலியளவைக் கூட்டினால் தொலைவு எட்டும் என்று நினைத்துக் கூட்டப்போய் எதிரொலியையும் கூட்டிவிடுவது அடிக்கடி நடக்கிறது.

பத்தாம் படி: மறுமுனையையும் சந்தேகியுங்கள்

ஒரே ஒரு வெளியூர் எண்ணுக்கு மட்டும் போகவில்லையென்றால் வேறொரு வெளியூர் எண்ணுக்கு அனுப்பிப் பாருங்கள். அதற்குப் போனால் பெரும்பாலும் உங்கள் கருவியில் குற்றமில்லை. போகாத அந்த எண்ணுக்கு உரியவர்களை உங்களுக்கு ஒரு தாளை அனுப்பச் சொல்லுங்கள். அவர்களிடமிருந்து வருகிறது, உங்களிடமிருந்து போகவில்லை என்றால் ஐந்து, ஏழு, எட்டாம் படிகளுக்குத் திரும்ப வேண்டும். இரு திசையிலும் முடியவில்லையென்றால் தடமே பொருந்தவில்லை. நேர வேறுபாட்டையும் மறந்துவிடக் கூடாது. ஜப்பான் நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. நம் மாலை நான்கு மணிக்கு அங்கே அலுவலகம் மூடி, தாள் தீர்ந்த கருவி நிரப்ப ஆளின்றி இருக்கலாம்.

போய்ச் சேர்ந்த அமைப்பு எதுவென்று தெரிந்ததும், அந்த எண்ணை அதன் இடைநிறுத்தங்கள், வேகம், ஈ.சி.எம்., ஓவர்சீஸ் நிலை ஆகியவற்றோடு சேர்த்துப் பதியுங்கள். முகவரிக்கு முகவரி தனி அமைப்பு வைக்க இடம் தராத கருவியானால், அந்த விவரத்தை ஒரு சீட்டில் எழுதிக் கருவியின் மூடிக்கு உட்புறம் ஒட்டிவையுங்கள். பொது வேகத்தையே 9,600 ஆக்கி விட்டுவிட்டால் உள்ளூர் ஃபேக்ஸ்களும் மெதுவாகும்; ஆனால் நாளொன்றுக்கு ஐந்தாறு தாள் மட்டுமே அனுப்பும் அலுவலகத்தில் அந்த மெதுவை யாரும் கவனிக்கப்போவதில்லை.